அடிக்குறிப்பு நாற்பத்தொன்று

இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. நார்டால் லூத்தரன் தேவாலயத்துக் காப்பிப் பாத்திரத்தின் மேல் வலது கையை வைத்துச் சத்தியம் செய்கிறேன். பைபிளின் மேல் வைத்திருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் அதிகம் பேர் கை பட்ட பொருள் அந்தப் பாத்திரம்தான். பாத்திரம் சூடாக இருந்ததால் சத்தியத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டேன்.

போன வாரம், என் மகள் காரினுக்கு விருதுக் கடிதம் வந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். பத்திரிகைகளின் வரலாற்றை ஆராய்கிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அந்த வருடத்தின் சிறந்த ஆய்வுக் கட்டுரைக்கு அவர்கள் ஒரு கேடயம் கொடுப்பார்கள். காரின் இருபத்திரண்டு வருடமாக ஒரு சின்னக் கல்லூரியில் அந்த வரலாற்றைத்தான் நடத்துகிறாள். மாணவர்கள் போதவில்லை, அடுத்த வருடம் பாடத்தையே நிறுத்திவிடலாம் என்று கல்லூரித் தலைவர் முடிவு செய்திருந்தார். கேடயம் வந்தால் பாடம் பிழைக்கும் என்றும் அவரே சொல்லியிருந்தார்.

கடிதம் வந்த அன்று காரின் தொலைபேசியில் சந்தோஷத்தில் அழுதாள். நான் வாழ்த்துச் சொல்லிவிட்டு நிலவறைக்கு இறங்கிப் போய்க் கொதிகலன் முன்னால் நின்றுகொண்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

ஏனென்றால் அந்தக் கட்டுரையின் கதாநாயகி ஹுல்டா பிரெக்கெ. 1963 முதல் 1973 வரை எங்கள் குடும்பப் பத்திரிகையான ‘நார்டால் ரெக்கார்டர்’ என்ற வார ஏட்டுக்கு லோன் எல்ம் வட்டாரச் செய்திகளை எழுதி அனுப்பிய பெண்மணி. தவறாமல் எழுதினாள், அடக்கமாக எழுதினாள். அவளிடம் ஒரே குறைதான். அவள் பிறக்கவே இல்லை. நான்தான் எழுதினேன்.

அந்தக் காலத்து வார ஏட்டில் முதல் பக்கத்தைப் படித்தவர்கள் குறைவு. நேராக உள்பக்கம் போய்த் தங்கள் வட்டாரத்துப் பத்தியைத்தான் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக்கு யார் சாப்பிட வந்தார்கள், எந்தப் பசு இரட்டைக் கன்று போட்டது, யாருக்கு முதுகுவலி. வட்டாரத்துக்கு ஒரு பெண்மணி இதை எழுதி அனுப்புவார். பத்தி வராத வாரம் அந்த வட்டாரமே சந்தாவை நிறுத்திவிடும்.

லோன் எல்முக்கு எழுதிக்கொண்டிருந்த அம்மாள் கல்யாணம் செய்துகொண்டு ஃபார்கோவுக்குப் போய்விட்டார். ஆசிரியர் என் அப்பா. புதன்கிழமைக்குள் வேறு ஆளைப் பிடித்துவரச் சொல்லி என்னை அனுப்பினார். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. லோன் எல்ம் பதினோரு மைல். நான் முதல் மைலில் இருந்த காப்பிக் கடை வரைக்கும் போனேன். இரண்டு துண்டு ஆப்பிள் கேக் தின்றேன். திரும்பி வந்து, ஆள் கிடைத்தாயிற்று, பெயர் ஹுல்டா பிரெக்கெ, கூச்ச சுபாவம், ஆபீசுக்கு வரமாட்டாள் என்றேன்.

என் அக்கா ஆர்டிஸ்தான் அச்செழுத்து வார்க்கும் லைனோடைப் இயந்திரத்தில் உட்காருவாள். நான் நீட்டிய தாளை ஒரு தடவை பார்த்தாள். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் வரி வரியாக ஈயத்தில் வார்த்துக் கொடுத்தாள்.

ஒரே வாரத்தில் பிடிபடுவேன் என்று நினைத்தேன். எங்கள் ஜனங்களை நான் குறைத்து எடை போட்டுவிட்டேன். நார்வேயிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். ‘அப்படி ஒருத்தியை எனக்குத் தெரியாது’ என்று சொல்வது எங்களுக்குள் மரியாதைக் குறைவு. திருமதி ஸ்டெனெருட் வீட்டுக்கு ஹுல்டா காப்பிக்கு வந்தாள் என்று எழுதினேன். தான் தோட்டத்தில் இருந்தபோது வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருப்பாள், பெருந்தன்மையாக அதை மறைத்து எழுதியிருக்கிறாள் என்று திருமதி ஸ்டெனெருட் வெட்கப்பட்டார். பக்கத்து வீட்டுக்காரியோ, தன் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்பதற்காக, இரண்டு தடவை வந்தாள் என்று சொல்லிக்கொண்டார்.

இரண்டாம் வருடம் மாதர் சங்கம் அவளைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தது. முழுப் பதவிக் காலமும் இருந்தாள். இதுவரை இருந்த செயலாளர்களிலேயே யாரோடும் சண்டை போடாதவள் என்று பாராட்டுத் தீர்மானம் போட்டார்கள். கண்காட்சியில் அவளுடைய ரொட்டிக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. ரொட்டி கண்காட்சிக்குப் போகவே இல்லை. போயிருந்தால் முதல் பரிசே கிடைத்திருக்கும் என்று நடுவர் என் அப்பாவிடம் வருத்தப்பட்டார்.

ஹால்வர் நைகார்ட் என்ற மனைவியை இழந்த விவசாயி, பத்திரிகை முகவரிக்கு, அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டுக் கடிதம் எழுதினார். நான்கு பக்கம். முடியாது என்று நான்தான் பெண் கையெழுத்தில் பதில் எழுதினேன். அவர் நிலத்தை விற்றுவிட்டுத் தெற்கு டகோட்டாவுக்குப் போய்விட்டார். மற்றதையெல்லாம் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். இதைச் சொல்லும்போது வருவதில்லை.

1973இல் களைத்துப்போய் அவளை ஆரெகனுக்குக் குடியேற்றினேன். தேவாலயத்தில் பிரிவு விருந்து வைத்தார்கள். அறுபது பேர் வந்தார்கள். அவள் மட்டும் வரவில்லை. தன்னை வைத்து ஆர்ப்பாட்டம் செய்வது அவளுக்கு எப்போதுமே பிடிக்காது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டு கேக்கைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

இதெல்லாம் அங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

மூன்று வருடம் முன்னால் காரின் டேப் ரிக்கார்டரோடு வந்தாள். அவள் அம்மா இறந்தபிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவாள், வந்தாலும் கோட்டைக் கழற்றாமல் உட்காருவாள். இந்தத் தடவை கோட்டைக் கழற்றினாள். மூன்று நாள் சமையலறை மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து பழைய பத்திரிகை நாட்களைப் பற்றிக் கேட்டாள். முதல் நாளே ஹுல்டாவைக் கேட்டாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் இன்னொரு கோப்பை காப்பியை ஊற்றிக்கொண்டு, நாளைக்கும் வரலாமா என்று கேட்டாள்.

“நல்ல பொம்பளை. ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்ல,” என்றேன்.

அதுதான் அடிக்குறிப்பு நாற்பத்தொன்று. ஆர்லோ ட்வெட்டென், ஆசிரியரின் மகன், நேர்காணல், நார்டால், மின்னசோட்டா. மற்றச் சாட்சிகள் ஆறு பேர், எல்லாரும் எண்பது தாண்டியவர்கள். அந்த ஆறு பேருக்கும் ஹுல்டாவின் பச்சைத் தொப்பி நன்றாக நினைவிருந்தது.

விருது வாங்கித் தந்தது தொப்பியல்ல. 1967 பனிக்காலத்துப் பத்திகள். ‘திங்களன்று திருமதி லோக்கென் வீட்டில் தையல் வட்டம் கூடியது. எட்டுப் பேர் வந்தனர். காப்பி பரிமாறப்பட்டது. யாரும் குடிக்கவில்லை.’ அடுத்த வாரம் வேறு வீடு. அங்கும் யாரும் குடிக்கவில்லை. இப்படி ஏழு வீடு. எங்கள் பக்கத்தில் கொடுத்த காப்பியைத் தொடாமல் வைப்பது விவாகரத்துக்கு அடுத்த படி. காரின் அந்த ஏழு வீட்டையும் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தாள். ஏழும் பாலாடைக்கட்டி ஆலைக்குக் கீழே, ஒரே ஓடைக்கரையில். அந்த வசந்தத்தில் வட்டார நிர்வாகம் கிணறுகளைச் சோதித்து, தண்ணீர் கெட்டுவிட்டதென்று ஏழையும் மூடியிருந்தது. ஆலையை நேராகக் குற்றம் சொல்ல முடியாத ஒரு கிராமத்துப் பெண், விருந்துச் செய்திக்குள் அதை ஒளித்து வைத்து எழுதினாள் என்று காரின் நிறுவியிருந்தாள். படித்தபோது எனக்கே அந்தப் பெண் மேல் மரியாதை வந்தது.

விருது நாள் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. மின்னியாபொலிஸில் ஒரு ஓட்டலில் மதிய விருந்து. என்னை அழைத்துப் போனவள் அக்கா. அவளுக்கு வயது எண்பத்தாறு. மணிக்கு நாற்பது மைலுக்கு மேல் போவது தற்பெருமை என்பது அவள் கொள்கை. எங்களுக்குப் பின்னால் பதினேழு கார்களும் ஓர் அறுவடை இயந்திரமும் வந்தன. அறுவடை இயந்திரம் பொறுமையிழந்து எங்களைத் தாண்டிப் போனது.

காரினிடம் இன்றைக்குச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அக்கா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அறுபது வருடமாக வயிற்றில் வைத்திருந்தவனுக்கு இன்னொரு சாப்பாட்டு வேளை தாங்காதா என்று கேட்டாள். அவள் கேடயத்தை வாங்கியபிறகு சொன்னால் அது திருட்டு என்றேன். முன்னால் சொன்னால் கொலை என்றாள் அவள்.

ஓட்டலில் ஒவ்வொருவர் கழுத்திலும் பெயர் அட்டை தொங்கியது. காரினுடைய அட்டைக்குக் கீழே, விருது பெறுபவர் என்று காட்டும் நீல ரிப்பன் ஒன்று ஒட்டியிருந்தது. அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. அந்த ரிப்பனை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

முதல் தடவை வரவேற்புக் கூடத்தில் சொல்லப் பார்த்தேன். “டை கோணலா இருக்குப்பா,” என்று சொல்லி நேராக்கிவிட்டாள். நான் தாடையைத் தூக்கிக் கொடுத்தேன்.

இரண்டாம் தடவை புத்தக மேசைகளுக்கு நடுவே. அதற்குள் அவள் யார் யாரையோ கூட்டிவந்து, இவர்தான் என் அடிக்குறிப்பு நாற்பத்தொன்று என்று அறிமுகப்படுத்தினாள். தடித்த கண்ணாடி போட்ட பேராசிரியர்கள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்கள். ஹுல்டாவை நேரில் பார்த்தவரின் கை என்று ஓர் இளம் பெண் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். கையை மட்டும். நான் அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் தடவை, விருந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, கோட்டு மாட்டும் இடத்தில் அவளைத் தனியாகப் பிடித்தேன். சுற்றி வளைக்கவில்லை. ஹுல்டா இல்லை, நான்தான், என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. எங்கள் வீட்டில் யாரும் போடுவதில்லை. யாருடைய கோட்டிலிருந்தோ தொங்கிய ஒரு நூலை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“எத்தனை பத்திப்பா?”

“எல்லாமே.”

“பச்சைத் தொப்பி?”

“ஒரு ஈஸ்டருக்கு எழவெடுத்த எடம் மிஞ்சிப்போச்சு. போட்டேன்.”

நூல் அறுந்தது.

“மூணு நாள் ஒங்க எதிர்ல ஒக்காந்திருந்தேனே. அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா.”

“சொல்லியிருந்தா ரெண்டாவது நாள் நீ வந்திருக்க மாட்டே, காரின்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாங்க, சாப்பாடு ஆறிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள். நீல ரிப்பனை நடக்கும்போதே கிழித்துக் கைப்பையில் போட்டாள்.

கோழிக்கறி வந்தது. நான் தட்டைத் தள்ளிவைத்தேன். அக்கா தன்னுடையதைத் தின்றுவிட்டு என்னுடையதையும் எடுத்துக்கொண்டாள். சொல்லியாயிற்றா என்று கண்ணால் கேட்டாள். தலையாட்டினேன். அவள் கோழியை இன்னும் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கினாள்.

விருதுக் குழுத் தலைவர் மிஷிகனிலிருந்து வந்த டாக்டர் வாண்டர்வீன். ஆறடி ஐந்தங்குலம், குரல் மட்டும் நாலடி. பெரிய மனிதர்களின் கடிதங்களைத் தோண்டுவதையே வரலாறு என்று நினைத்திருந்தோம், காப்பிக் கோப்பையைப் படிக்க இவர் கற்றுக்கொடுத்தார் என்று பாராட்டுரை வாசித்தார். இருநூறு பேர் எழுந்து கை தட்டினார்கள். காரின் மேடைக்குப் போனாள். கேடயத்தை இரண்டு கையிலும் வாங்கினாள். அதில் செதுக்கியிருந்த தன் பெயரை ஒரு தடவை படித்தாள். பிறகு அதைக் குப்புறக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

“ஹுல்டா பிரெக்கெ நெஜமா இருந்தாங்கங்கறதுக்கு என்கிட்ட இருந்த பெரிய ஆதாரம் அடிக்குறிப்பு நாப்பத்தொண்ணு. அது எங்க அப்பா. சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி அவர் அதைத் திருப்பி வாங்கிக்கிட்டார். நான் சரிபார்க்காம விட்டது என் தப்பு, அவர் தப்பு இல்ல. கட்டுரையைத் திருத்தற வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும்.”

என் மகள் தன் பாடத்தையும் இருபத்திரண்டு வருடத்தையும் அந்த மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டாள். ‘அவர் தப்பு இல்ல’ என்ற சொல்தான் என்னைக் கொன்றது. அதை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பின்னால் ஒருவர் எழுந்து, இது கேள்வியல்ல, ஒரு கருத்து என்று ஆரம்பித்தார். இந்தச் சங்கத்தில் அப்படி ஒருவர் எழாமல் கூட்டம் முடிந்ததே இல்லையாம். வாண்டர்வீன் கையைக் காட்டி அவரை உட்காரவைத்தார்.

பிறகு அவர் காரினை விட்டுவிட்டு எங்கள் மேசைக்கு வந்தார். கோபமாக இல்லை. துப்புத் துலக்குகிறவர் மாதிரி குனிந்து பேசினார். தொப்பியும் ரொட்டியும் போகட்டும், கிணறுகள் நிஜம், வட்டார நிர்வாகத்தின் சோதனைக் குறிப்பே இருக்கிறது, பத்தி வந்து ஒன்பது வாரம் கழித்துத்தான் சோதனையே நடந்தது என்றார். அப்படியானால் யாரோ ஒருவர் அந்த வீடுகளுக்குப் போய், குடிக்காத கோப்பைகளைப் பார்த்திருக்க வேண்டும்.

“அந்த ஏழு வீட்டுக்கும் போனது நீங்கதானா, ஐயா?”

நான் எழுந்து நின்றேன். மகள் வைத்த மரியாதைக்கு மேல் இன்னொரு பொய் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். ஒரு வீட்டுக்கும் போகவில்லை, பத்தியில் ஒரு வரி குறைந்தது, அதை நிரப்ப ‘யாரும் குடிக்கவில்லை’ என்று போட்டேன், நன்றாக இருந்ததால் அடுத்த வாரமும் போட்டேன் என்றேன்.

“ஏழும் ஒரே ஓடைக்கரையில?”

“தற்செயல்தான் ஐயா. ஹுல்டா எழுதின ஒவ்வொரு வரியும் நான் எழுதினது. பத்து வருஷம், ஒரு வாரம் விடாம. எங்க வேணும்னாலும் சத்தியம் பண்றேன்.”

இருநூறு பேர் என்னைப் பார்த்தார்கள். குற்றவாளியாக நிற்பது இவ்வளவு உயரமாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. என் முதுகு தானாக நிமிர்ந்தது.

அக்கா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஒக்காருடா ஆர்லோ,” என்றாள். “போதும்.”

அவள் சொன்னது மெதுவாகத்தான். ஆனால் அறுபது வருடமாக அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசியதில்லை. நான் உட்கார்ந்தேன். அவள் கைப்பையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். லைனோடைப்பில் ஈயம் தெறித்துச் சுட்ட தழும்புகள் அவள் விரல்களில் இன்னும் இருக்கின்றன. மேடையிலிருந்த காரின் இப்போது என்னைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுரைக்கு இத்தனை பேரைப் பேட்டி எடுத்தவள், அச்சுக்கோர்த்தவளை மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். அவள் மேடைப் படியில் இறங்க ஆரம்பித்தாள்.

என் ராணுவச் சான்றிதழ் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதன்படி 1966 அக்டோபர் முதல் 1968 செப்டம்பர் வரை நான் ஜெர்மனியில், ஒரு படைமுகாமின் சலவைக்கூடத்தில் இருந்தேன். அந்த இரண்டு வருடமும் லோன் எல்ம் பத்தி ஒரு வாரம்கூட நிற்கவில்லை.